ஓட்டம் முடிந்த பிறகு



நீதிமொழிகள் புத்தகத்தின் 30ஆம் அதிகாரம் முடியும் இடத்தில், கம்பீரமாய் நடக்கிறவற்றை ஞானி வரிசைப்படுத்துகிறார். முதலில் சிங்கம் வருகிறது. அடுத்து வருவது எது என்பதில் மொழிபெயர்ப்பாளர்கள் ஒருமனப்படவில்லை. நம் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் குதிரை நிற்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் சேவல் நிற்கிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பிலோ கிரேஹவுண்ட் நாய் நிற்கிறது. இடை இறுகக் கட்டப்பட்டது என்று பொருள் கொள்ளத்தக்க இரண்டு சொற்களே எபிரெய மூலத்தில் உள்ளன. ஒடுங்கிய இடையும் ஆழ்ந்த மார்பும் உடைய அந்த நாயை நேரில் கண்டவர்களுக்கு, அன்றைய ஆங்கில அறிஞர்கள் ஏன் அப்படி மொழிபெயர்த்தார்கள் என்பது விளங்கிவிடும். நம்மில் தென்தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் சிப்பிப்பாறை நாயை நினைத்துக்கொள்ளலாம்.

கடந்த நான்கு ஆண்டுகளாக, பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாய்கள் எங்கள் இல்லத்தில் வந்து தங்கிச் செல்வதை நீங்கள் அறிவீர்கள். நிரந்தர வீடு கிடைக்கும்வரை அவற்றை வைத்துப் பராமரிக்கும் பணியை நானும் என் மனைவியும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஒரு போதகருக்கு இது எதற்கு என்று சிலர் அன்போடு கேட்டீர்கள். கேளாமல் புன்னகைத்தவர்களும் உண்டு. இருவருக்கும் இவ்வாரச் சிந்தனையில் பதில் எழுத விரும்புகிறேன்.

இந்தப் பந்தயத்தின் கதை மிகப் பழையதன்று. ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்னும் அமெரிக்கர், தண்டவாளத்தில் ஓடும் செயற்கை முயலை உருவாக்கினார். உயிருள்ள முயல்கள் நாய்களால் கிழிக்கப்படுவதைத் தவிர்க்கும் எண்ணமும் அவருக்கு இருந்தது என்பார்கள். நாம் வாழும் இந்நாட்டில் முதல் பந்தயம் 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டர் நகரின் பெல் வூ அரங்கில் நடந்தது. அன்று ஏறக்குறைய 1,700 பேர் வந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் இலட்சக்கணக்கானோர் பல நகரங்களில் கூடினார்கள். கிழக்கு லண்டனில் நெடுநாள் வாழ்ந்தவர்கள் வால்தம்ஸ்டோ அரங்கின் ஒளிவிளக்கு முகப்பை மறந்திருக்க மாட்டார்கள். 2008 ஆகஸ்டில் அங்கே கடைசிப் பந்தயம் நடந்தது. இன்று முகப்பு மட்டும் நிற்க, அதன் பின்னே குடியிருப்புகள் எழுந்துள்ளன.

ஒரு கிரேஹவுண்ட் ஏறக்குறைய ஒன்றரை வயதில் ஓடத் தொடங்குகிறது. நான்கைந்து வயதுக்குள், காயம் நேர்ந்தால் அதற்கு வெகு முன்னரே, ஓட்டம் முடிந்துவிடுகிறது. அதன் ஆயுளோ பன்னிரண்டு ஆண்டுகள் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் நீளும். அப்படியானால் வாழ்வின் பெரும்பகுதி ஓட்டத்துக்குப் பின்னரே இருக்கிறது. அந்தப் பெரும்பகுதி யாருடைய பொறுப்பு? இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் எவரும் சரியாக விடை சொல்லவில்லை.

விடை சொல்லாததன் விளைவை 2006இல் இந்நாடு கண்டது. டர்ஹாம் பகுதியில் ஒரு மனிதர், வேகம் குறைந்த நாய்களை ஆளுக்குப் பத்துப் பவுண்டு வாங்கிக்கொண்டு சுட்டுத் தம் நிலத்தில் புதைத்துவந்ததைப் பத்திரிகை ஒன்று வெளிப்படுத்தியது. பதினைந்து ஆண்டுகளில் பத்தாயிரம் நாய்கள் என்று அச்செய்தி கணக்கிட்டது. சட்டம் அவரிடம் காண முடிந்த குற்றம், அனுமதியின்றிக் கழிவைப் புதைத்தது மட்டுமே. சட்டத்தின் கண்ணில் அந்த உடல்கள் கழிவுகள்! ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், முன்னாள் நீதிபதி மைக்கேல் மெக்ஹியூ தலைமையில் விசாரணை நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் 68,000 வரையிலான நாய்கள், போதிய வேகம் இல்லை என்பதற்காகவே கொல்லப்பட்டிருக்கலாம் என்று 2016இல் அது அறிக்கை அளித்தது.

ஆனால் இருளை மட்டும் எழுதுவது உண்மையாகாது. மக்காவ் நகரின் நாய்ப் பந்தய அரங்கு 2018 ஜூலையில் மூடப்பட்டபோது, 500க்கும் மேற்பட்ட நாய்கள் கைவிடப்பட்ட நிலையில் அங்கே இருந்தன. அதுவரை, அந்த அரங்கிலிருந்து உயிரோடு வெளியேறி ஒரு வீட்டை அடைவது மிக அரிதாக இருந்தது. விலங்குநலப் பணியாளர்கள் அவற்றைப் பொறுப்பேற்றுப் பல மாதங்கள் பராமரித்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஹாங்காங்கிலும் குடும்பங்களைத் தேடிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2018 நவம்பரில் 69 சதவீத வாக்காளர்கள் பந்தயத்தை நிறுத்த வாக்களித்தார்கள். 2020 இறுதியில் அங்கே கடைசி நாய் ஓடியது. இந்நாட்டில் 2020 முதல், ஒவ்வொரு பந்தய நாயின் பெயரிலும் ஓய்வுக்கால வைப்புத்தொகை கட்டப்படுகிறது. 2024 டிசம்பரில் நியூசிலாந்து அரசும் இந்தப் பந்தயத்தை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது.

அன்பானவர்களே, அரங்கு மூடப்படும் நாள் செய்தியாகிறது. மறுநாள் காலையில் அந்த நாய் எங்கே கண்விழிக்கும் என்பது செய்தியாவதில்லை. நம்முடைய பணி அங்கேதான் தொடங்குகிறது.

நீதிமொழிகள் 12ஆம் அதிகாரத்தின் 10ஆம் வசனம், நீதிமான் தன் மிருகத்தின் உயிரை எப்படி நடத்துகிறான் என்று பேசுகிறது. செமினரியில் எபிரெயம் கற்பித்த எங்கள் ஆசிரியர் ஒரு வகுப்பு முழுவதையும் இந்த ஒரு வசனத்தில் செலவிட்டார். மூலத்தில் உள்ள வினைச்சொல்லின் நேர்ப்பொருள் அறிதல் என்பதாகும். நீதிமான் தன் மிருகத்தின் உயிரை அறிகிறான். அந்த உயிர் எதற்கு அஞ்சுகிறது, எதற்குப் பசிக்கிறது, எதை இதுவரை கண்டதேயில்லை என்று அறிகிறான். பரிதாபம் ஒரு நிமிடத்தில் பொங்கி வந்துவிடும். அறிதலுக்கோ நாள் பிடிக்கும்.

இப்போது எங்களிடம் இருப்பவள் புலிவரி நிறமுள்ள ஐந்து வயதுப் பெண் நாய். பிறந்தது அயர்லாந்தில். இரண்டு காதுகளிலும் பச்சை குத்திய எழுத்துகள் இருக்கின்றன. வலப் பின்னங்காலின் கணு ஒருமுறை முறிந்து கூடியது. இடப்பக்கமாகவே வளைந்து ஓடும் நாய்களுக்கு வளைவின் அழுத்தம் முழுவதும் அந்தக் கணுவில் விழுகிறது. பற்கள் பல கெட்டிருந்தன. கொட்டிலிலேயே வளர்ந்தவளாகையால் மாடிப்படி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவு தெரியாது. துணி துவைக்கும் இயந்திரத்தின் ஓசை கேட்டால் அறையின் மூலையில் போய் நின்று நடுங்குவாள். என் மனைவி ஒன்பது நாட்கள், ஒவ்வொரு பாதமாகத் தூக்கி அடுத்த படியில் வைத்து, ஏறக் கற்றுக்கொடுத்தாள். இறங்கக் கற்றுக்கொள்ள இன்னும் ஒரு வாரம் ஆனது.

முதலில் அவளைத் தத்தெடுத்த குடும்பம் ஆறு வாரங்களில் திருப்பிக் கொடுத்துவிட்டது. அவர்கள் தீயவர்கள் அல்லர். உறங்கிக்கொண்டிருந்தவளைச் சிறு பிள்ளை கட்டியணைத்தபோது உறுமினாளாம். கிரேஹவுண்டுகளில் பல கண்களைத் திறந்தபடியே உறங்கும். உறக்கத்தில் தொட்டால், தான் எங்கே இருக்கிறோம் என்று அறியுமுன்னே திடுக்கிட்டு எழும். கொட்டிலில் உறங்கும்போது எவரும் அவற்றைத் தொட்டதில்லை. பெயர் சொல்லி எழுப்ப வேண்டும், அதற்கென்று ஒரு படுக்கை வேண்டும், அந்தப் படுக்கைக்குப் பிள்ளைகள் போகலாகாது. இந்த மூன்று காரியங்களை ஒருவர் அவர்களுக்குச் சொல்லியிருந்தால் அந்த வீடு அவளுக்கு நிலைத்திருக்கலாம். அன்பு அங்கே இருந்தது, அறிதல் இல்லை. ஆகவேதான் வீடு தேடும் பணியில் நாங்கள் அதிகமாகப் பேசுவது நாயிடம் அல்ல, மனிதரிடம். பூனை உண்டா, கைக்குழந்தை உண்டா, வேலி எவ்வளவு உயரம், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்றெல்லாம் கேட்கிறோம். சிலருக்கு இந்த நாய் உங்களுக்கு ஏற்றதன்று என்று சொல்ல நேரிடுகிறது. அப்படிச் சொல்வதும் இரக்கத்தின் பகுதியே.

நம் சபையின் சகோதரர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “ஐயா, ஊரிலே பிள்ளைகள் பசியோடு இருக்க, நாய்க்குச் செலவழிப்பது நியாயமா?” நியாயமான கேள்வி. பிள்ளைக்குரியதை எடுத்து நாய்க்குக் கொடுத்தால் அது பாவம். ஆனால் நான் கண்டதைச் சொல்கிறேன். சனிக்கிழமைகளில் அந்தக் கொட்டில்களைக் கழுவ வருகிறவர்களில் மூவரை, வியாழக்கிழமைகளில் நம் உணவு வங்கியில் பெட்டி சுமக்கிறவர்களாகவும் காண்கிறேன். இரக்கம் எண்ணி வைத்த பணப்பையைப் போன்றதன்று. பழகப் பழக வலுப்படும் தசையைப் போன்றது. நினிவேக்காக யோனாவிடம் வழக்காடிய தேவன், அந்த நகரத்தின் மனிதரை எண்ணியதோடு நிறுத்தாமல் மிருகஜீவன்களையும் நினைவுகூர்ந்தார் என்பதை மறவாதிருப்போம்.

இன்னொரு சகோதரரும் உண்டு. அவர் அனுமதியோடு எழுதுகிறேன். பல ஆண்டுகள் வேலை முடிந்ததும் பந்தயக் கடைக்குள் நுழைந்து, திரையில் ஓடிய நாய்களின் மேல் கூலியை இழந்தவர் அவர். காலை வேளையில் ஏறக்குறைய வெறுமையான அரங்குகளில், அந்தத் திரைகளுக்காகவே நாய்கள் ஓடுகின்றன. எங்கள் வீட்டில் இவளைக் கண்டபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. “எனக்கு இவை வெறும் இலக்கங்களாகத்தான் இருந்தன, ஐயா” என்றார். ஆறு நிறச் சட்டைகள், ஆறு இலக்கங்கள். நாய் இலக்கமானபோது, அவரும் அந்தக் கடைக்கு ஓர் இலக்கமாகவே இருந்தார்.

சென்ற மாதம், இருபத்தாறு ஆண்டுகள் பெட்ரோல் நிலையங்களில் இரவுப்பணி செய்து முதுகு தளர்ந்த நம் முதியவர் ஒருவரைச் சந்திக்கச் சென்றோம். அவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தி ஓராண்டாகிறது. தனியே விட முடியாததால் நாயையும் அழைத்துச் சென்றோம். இவ்வகை நாய்கள் தாவுவதில்லை, நக்குவதும் குறைவு. அருகில் வந்து நின்று தம் பாரத்தை நம் காலின்மேல் சாய்த்துக்கொள்ளும். அவளும் அவர் முழங்காலில் சாய்ந்து நின்றாள்.

“இது இனி ஓடாதோ?” என்று கேட்டார்.

“ஓடாது ஐயா. கால் முறிந்தது” என்றேன்.

“அப்ப என்னத்துக்கு வைச்சிருக்கிறியள்?”

நான் பதிலைத் தேடிக்கொண்டிருந்தபோது என் மனைவி சொன்னாள்: “இருக்கிறதுக்குத்தான் ஐயா.”

அவர் மறுமொழி கூறவில்லை. நாங்கள் எழும்பும்வரை அவருடைய கை அவளுடைய தலையின்மேல் இருந்தது. அடுத்த ஞாயிறே அவர் ஆலயத்துக்கு வந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் வரவில்லை. ஆனால் பத்து நாட்களுக்குப் பின் தொலைபேசியில் அழைத்து, அந்த நாய் சாப்பிடுகிறதா என்று விசாரித்தார். அவர் நம்மை அழைத்தது அந்த ஓராண்டில் அதுவே முதல் முறை.

பிரியமானவர்களே, ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரனோடு மிருகஜீவனுக்கும் ஒரு நாள் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாளில் எந்த உயிரையும் நோக்கி, நீ என்ன சம்பாதித்தாய் என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. அந்த ஒரு நாளின் நியாயத்தை மற்ற ஆறு நாட்களுக்கும், ஓட முடியாமற்போன ஆண்டுகளுக்கும் விரிப்பதே திருச்சபையின் வேலை என்று நான் நம்புகிறேன். நம் சபையில் ஓடி முடித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள், வீட்டுக் கடன் தீர்ந்துவிட்டது, முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. தாங்கள் எதற்கு இன்னும் இருக்கிறோம் என்று இரவுகளில் அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

வருகிற சனிக்கிழமை எங்கள் புலிவரிக்காரி எசெக்ஸில் உள்ள ஓய்வுபெற்ற தம்பதியரிடம் போகிறாள். நான்குமுறை வந்து அவளோடு நடந்து பழகியிருக்கிறார்கள். அவளுடைய படுக்கையை எங்கே போடுவது என்று அவர்களே எங்களைக் கேட்டார்கள். என் மனைவி இந்த வாரம் அதிகம் பேசுவதில்லை. பராமரித்துக் கையளிக்கிற பணியில் இந்தப் பிரிவும் அடங்கும்.

உங்களிடம் இரண்டு காரியங்களைக் கேட்கிறேன். எல்லாரும் நாய் வளர்க்க வேண்டும் என்பதில்லை. அஞ்சுகிறவர்கள் அஞ்சலாம். ஆனால் வீட்டில் இடமும் பகலில் ஆளும் உள்ளவர்கள், விலை கொடுத்துக் குட்டி வாங்குமுன் ஓய்வுபெற்ற ஓர் உயிரைப் போய்ப் பாருங்கள். இரண்டாவதாக, இந்த வாரத்தில் ஒருநாள், ஓடி முடித்த ஒரு மூத்தவரின் கதவைத் தட்டுங்கள். எந்த உதவியும் கேட்காமல், எந்த வேலையும் சொல்லாமல், அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

ஜெபம்: சகல உயிர்களையும் அறிந்திருக்கிற எங்கள் பிதாவே, உபயோகத்தை வைத்து உயிரை அளக்கிற பழக்கத்திலிருந்து எங்களை விடுவித்தருளும். எங்கள் கையில் ஒப்புவிக்கப்பட்டவற்றை அறிந்துகொள்ளும் பொறுமையை எங்களுக்குத் தாரும். ஓட்டம் முடிந்தவர்களுக்கு எங்கள் வீடுகளிலும் எங்கள் வரிசைகளிலும் இடம் உண்டாகட்டும். ஆமென்.