உள்ளேயே வைத்த ஈயச்சுருள்

ஓரெகன் மாநிலத்துப் பீவர்டனில் கார்ல் பிரவுன் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. ஆசிலாஸ்கோப்பின் திரையாக வேலை செய்யும் கேதோடு கதிர்க்குழாயை 1897இல் செய்துகாட்டிய ஜெர்மானியர் அவர். தலைவர்களின் பெயரையே சாலைப் பலகைகளில் பார்த்துப் பழகிய எனக்கு, அந்தப் பெயர்ப் பலகையே பார்க்க வேண்டிய காட்சியாகிவிட்டது. சுற்றிலும் நெடுநெடுவென்று ஊசியிலை மரங்கள், விட்டுவிட்டுத் தூறல். பழைய டெக்ட்ரானிக்ஸ் கருவிகளைப் பாதுகாக்கும் விண்டேஜ்டெக் அருங்காட்சியகத்தைத் தேடித்தான் போர்ட்லாண்டிலிருந்து ரயிலேறி அங்கே போனேன்.

ஹோவர்ட் வால்லமும் ஜாக் மர்டாக்கும் கூட்டாளிகளோடு 1946இல் தொடங்கிய நிறுவனம் டெக்ட்ரானிக்ஸ். மறு ஆண்டே 511 என்ற ஆசிலாஸ்கோப் வெளிவந்தது. அதுவரை ஸ்கோப் என்றால் மின் அலையின் வடிவத்தைக் குத்துமதிப்பாகக் காட்டும் பெட்டி. அலை எந்த இடத்தில் தொடங்குகிறதோ அங்கே பிடித்து, ஒரு கட்டத்துக்கு இத்தனை மைக்ரோ செகண்ட் என்று நம்பி அளக்க வைத்தது இவர்களின் வேலை.

உள்ளே நுழைந்ததும் சூடேறிய வால்வுகளின் வாசம். கண்ணாடிப் பேழைக்குள் உறங்கும் பொருள்கள் அல்ல இவை. பலவற்றில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். அவர்களில் ஒருவர், ரிப்பேர் மேசையில் ஒரு 545 ஸ்கோப்பை வைத்திருந்தார். 1950களின் கருவி, கிட்டத்தட்ட 30 கிலோ.

“பக்கத்தில் வந்து பாருங்கள்” என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

ஸ்கோப்பின் நேர அளவு தப்பியிருந்தது. சீரான இடைவெளியில் துடிப்பு அனுப்பும் கருவியை இணைத்தால், ஒவ்வொரு துடிப்பும் திரையின் ஒவ்வொரு கோட்டில் விழ வேண்டும். முதலாவது சரியாக விழுந்தது. போகப்போக விலகி, கடைசியில் கோட்டை விட்டே தள்ளி நின்றது. நேரத்தைத் திருத்தும் திருகின் பக்கம் அவர் கை போகவேயில்லை. முதலில் பவர் சப்ளை. அதிலும் முதலில் மைனஸ் 150 வோல்ட். இந்தக் கருவியில் 100, 225, 350, 500 என்று மற்ற மின்னழுத்தங்கள் எல்லாமே அந்த ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் நிலைப்படுகின்றன. அந்த மைனஸ் 150ஐ நிறுத்திப் பிடிப்பது 5651 என்ற சின்ன வாயு வால்வு. மீட்டரில் மைனஸ் 157 வந்தது. அதைச் சரிசெய்ய ஒரு திருகு உண்டு. ஆனால் தொட்டால் முழுக் கருவியையும் மறுபடி அளவு திருத்த வேண்டியிருக்கும். அதனால் காரணத்தைத் தேடினார். மின்னழுத்தத்தைப் பங்கிடும் மின்தடைகளில் ஒன்று மதிப்பு மாறியிருந்தது.

அதை மாற்றும்போதுதான் நான் பார்க்க வந்ததைப் பார்த்தேன். இந்த ஸ்கோப்புகளில் அச்சிட்ட போர்டு கிடையாது. வெள்ளைப் பீங்கான் பட்டைகள், அவற்றின் விளிம்பில் பல் பல்லாக வெட்டுகள், ஒவ்வொரு வெட்டிலும் வெள்ளிப் பூச்சு. உறுப்பின் காலை வெட்டில் உட்காரவைத்து ஈயத்தால் சால்டர் செய்துவிடலாம். முறுக்கிக் கட்ட வேண்டியதில்லை, அடுத்தவர் கழற்றுவதும் சுலபம். ஆனால் சாதாரண சால்டரைத் திரும்பத் திரும்ப உருக்கினால், அது வெள்ளிப் பூச்சைக் கரைத்துப் பிடிமானத்தைக் கெடுத்துவிடும். ஏற்கெனவே 3 சதவீத அளவில் வெள்ளி கலந்த சால்டர் என்றால் பூச்சு பிழைக்கும். அந்த சால்டரில் ஒரு சின்னச் சுருளை கருவிக்குள்ளேயே மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்! எந்த ஊரிலோ, எத்தனை வருடம் கழித்தோ இதைத் திறக்கப்போகிற முன்பின் தெரியாத மெக்கானிக்குக்கு ஆலையிலிருந்தே கொடுத்தனுப்பிய கட்டுச்சோறு. என்னைப் போன்ற பழுதுபார்ப்பவர்களை இவ்வளவு மதித்த ஒரு தொழிற்சாலை இருந்திருக்கிறது என்பதில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

“தூசி அடைந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன்.

“தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம்” என்றார்.

சோப்பு நீரைப் பீய்ச்சி அலசி, சூட்டறையில் மிதமான சூட்டில் ஈரம் முழுக்க வற்றும்வரை உலர்த்துவது நிறுவனத்தின் சர்வீஸ் முறையாகவே இருந்திருக்கிறது. நனையக் கூடாதவற்றை முன்னதாக மூடிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கையேடுகளைப் புரட்டினேன். முழு சர்க்யூட் படம், எந்த முனையில் எந்த அலை தெரிய வேண்டும் என்ற குறிப்பு, அளவு திருத்தும் வரிசை என எதையும் மறைக்கவில்லை. சில படங்களின் ஓரத்தில், வரைந்தவர்கள் குட்டிக் கேலிச்சித்திரங்களைக்கூட ஒளித்துவைத்திருக்கிறார்கள். இன்று விலை உயர்ந்த கருவி வாங்கினாலும் சர்க்யூட் படம் கிடைப்பது அரிது. வாங்கியவனிடமிருந்தே மறைப்பது அநியாயம்.

புதிய மின்தடை ஏறியதும் துடிப்புகள் கோடுகளில் வந்து விழுந்தன. அடுத்து டிலே லைனைத் திறந்தார். திரையில் கோடு ஓடத் தொடங்குவதற்குச் சற்று நேரம் ஆகும். அதற்குள் அலையின் முகப்பு தவறிவிடாதபடி, சிக்னலைச் சுமார் 0.2 மைக்ரோ செகண்ட் தாமதப்படுத்தும் கம்பிச் சுருள்களின் நெடிய வரிசை அது. சுருளுக்குச் சுருள் திருகக்கூடிய ஒரு கெப்பாசிட்டர். சதுர அலையின் தட்டையான தலையைத் திரையில் விரித்துவைத்து, பிளாஸ்டிக் திருப்புளியை என் கையில் கொடுத்தார். ஒன்றைத் திருகினேன், தலையின் இடப்பக்கத்தில் மேடு எழுந்தது. நாலைந்து தள்ளி இன்னொன்றைத் திருகினேன். மேடு வலப்பக்கம் எழுந்தது. சிக்னல் அந்த வரிசையில் எந்த இடத்தைக் கடக்கிறது என்பதைத் திரையில் விரல் வைத்துக் காட்ட முடிந்தது.