கோப்பை கழுவின மாமாவும் ஒரு கோப்பை இறுதியாட்டமும்

கன நாளாப் பதிவு ஒண்டும் போடேல்லை. படிப்பு, பகுதி நேர வேலை, வாசல் பனி தள்ளுறது எண்டு வழமையான சாட்டுகள்தான். உண்மையான காரணம் வேற. எழுதத் தொடங்கினால் ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டி வரும் எண்டு தெரியும். அதுதான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தனான்.

நான் இருக்கிறது லொங்குய்ய் எண்ட இடத்தில. மொன்றியலுக்கு எதிர்க்கரை. ஒன்பது எழுத்துப் போட்டு எழுதிப்போட்டு அதில பாதியை விழுங்கித்தான் சொல்லுவாங்கள். நான் வந்த புதிசில முழு எழுத்தையும் உச்சரிச்சு பஸ் சாரதியைப் பயப்படுத்தினது தனிக்கதை. மஞ்சள் மெற்றோப் பாதையின் கடைசி நிலையம் எங்கட வளாகத்துக்குக் கீழதான். மொத்தமே மூண்டு நிலையம். 1967 உலகக் கண்காட்சிக்காக ஆத்துக்கு அடியால கிண்டின பாதை. மாமாவின்ர வீட்டு பேஸ்மென்ட்தான் என்ர அரண்மனை.

மாமா அம்மாவின்ர தம்பி. ஊரில எங்கட கழகத்துக்கு கோல் கீப்பரா நிண்டவர். எண்பதுகளில வலிகாமத்தில உதைபந்தாட்டம் எண்டால் எப்பிடி எண்டு யாழ்ப்பாணத்து ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாவாந்துறை சென் மேரிஸ், குருநகர் பாடும் மீன், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ் எண்டு பெயர் சொன்னாலே சண்டைக்கு வர ஆக்கள் இருக்கினம். எங்கட கழகம் அந்தளவுக்குப் பெரிசில்லை. ஆனால் ஒரு சுற்றுப்போட்டியில கோப்பை எடுத்தது. வீடு வீடாக் காசு சேர்த்து வாங்கின பந்து, தைச்சுத் தைச்சுப் போட்ட சப்பாத்து. இறுதியாட்டத்தில மாமா ஒரு பெனால்டி பிடிச்சவராம். இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமா வாய் திறக்க மாட்டார்.

1990 ஜூனில வலி வடக்குச் சனம் முழுக்க எழும்பினது. மைதானம், வாசிகசாலை, கோப்பை வைச்சிருந்த வீடு எல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள போயிட்டுது. அந்த வருசக் கடைசியில மாமா மொன்றியல் வந்து சேர்ந்தார். வந்து பதினொரு வருசம் உணவகத்தில கோப்பை கழுவினார். பிறகு அதே குசினியில சமையல் உதவி. அந்தக் கோப்பைக் காசிலதான் அம்மாவின்ர கலியாணம், என்ர ரியூசன், கடைசியில என்ர விமானச் சீட்டு எல்லாம்.

இனிப் பொய்க்கு வாறன்.

2021 செப்ரெம்பரில மாஸ்டர்ஸ் வகுப்பு தொடங்கினபோது பக்கத்துக் கதிரையில ஒரு ஸ்லோவேனியாக்காரன். எனக்கு ஸ்லோவேனியா எண்டால் தெரிஞ்சது கோல் கீப்பர் யான் ஓப்ளாக் மட்டும்தான். எந்த ஊர் எண்டு கேட்டன். 'கோப்பர்' எண்டான். எனக்கு 'கோப்பாய்' எண்டு கேட்டுது! எங்கட கோப்பாயை அவனுக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போச்சு. கோப்பாயும் கோப்பரும் அண்டைக்கே ஒட்டியிட்டுது :-)

அவனுக்கு உதைபந்தாட்டம்தான் உயிர். அவன்ர நாட்டுக் கோப்பைப் போட்டியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் பேராசிரியர் வந்து நிண்டாலும் தெரியாது. 1991 இல் நாடு சுதந்திரம் அடைஞ்ச கையோட தொடங்கின போட்டி. முதல் இறுதியாட்டத்திலேயே மரிபோர் தலைநகர்க் கழகமான ஒலிம்பியாவைப் பெனால்டியில வெண்டது. இண்டைக்கும் ஆகக் கூடுதலாக் கோப்பை எடுத்தது மரிபோர்தான், ஒன்பது தரம். அவன்ர கோப்பர் 2006, 2007, 2015 எண்டு எடுத்திட்டு, 2017 இல் காசுப் பிரச்சினையில அனுமதிப்பத்திரம் கிடைக்காமல் அடிமட்ட லீக்குக்குப் போயிட்டுது. தோட்டக்காரரும் தபால்காரரும் விளையாடுற மைதானங்களில போய் விளையாடி, 2020 இலதான் மேல் லீக்குக்குத் திரும்பினதாம். 'லீக்கில பணக்காரன்தான் கடைசியில மேல நிப்பான். கோப்பையில ஒரே ஒரு நாள் போதும்' எண்டு சொல்லுவான்.

அவன் மொன்றியல் கழகத்தைப் பிடிச்சுக்கொண்டதுக்கும் காரணம் இருக்கு. கோப்பரில விளையாடி வளர்ந்த பின்கள வீரர் அல்யாஸ் ஸ்ட்ரூனா அந்த வருசம் மொன்றியலுக்கு வந்திருந்தார். ஊர்க்காரன் எங்க போனாலும் பின்னால போறது எங்கட சனத்தின்ர பழக்கம் மட்டும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.

ஒருநாள் கன்ரீனில கோப்பிக்கு நிக்கேக்குள்ள கேட்டான், உன்ர மாமா என்ன செய்யிறார் எண்டு. வரிசையில இன்னும் நாலைஞ்சு பேர் நிண்டவை. ஒருத்தியின்ர தகப்பன் பல் வைத்தியர். இன்னொருத்தன்ர வீட்டில கட்டட நிறுவனம். என்ர வாய் தானாச் சொல்லிச்சு: 'மாமாவுக்கு ஒரு உணவகம் இருக்கு.'

ஒரு வரிதான். அதுக்குப் பிறகு அவன் மாமாவைப் பற்றிக் கேக்கிற நேரமெல்லாம் நான் கதையை மாத்தத் தொடங்கினன். வீட்டுக்கு வாறன் எண்டான், தட்டிக் கழிச்சன். இரவு பன்னிரண்டுக்கு மாமா வேலை முடிஞ்சு வந்து சப்பாத்துக் கழட்டுற சத்தம் மேல கேக்கும். கீழ படுத்திருந்து கொண்டு எனக்கு வயித்துக்குள்ள ஏதோ செய்யும்.

அந்த வருசக் கனடியக் கோப்பையில பதின்மூண்டு கழகம். எம்எல்எஸ் கழகங்கள் மூண்டு, கனடியன் பிரீமியர் லீக்கில எட்டு, கியூபெக்கிலயும் ஒன்ராறியோவிலயும் இருந்து மாகாண லீக் கழகம் ஒவ்வொண்டு. ஒக்ரோபர் 27 அரையிறுதி, ஹமில்ரனில ஃபோர்ஜ் கழகத்தோட. கோல் இல்லாமல் முடிஞ்சு பெனால்டிக்குப் போனது. மாமாவுக்கு அண்டைக்கு லீவு. தேத்தண்ணியோட கீழ இறங்கி வந்தவர், என்ர மடிக்கணினித் திரையைப் பார்த்து அப்பிடியே நிண்டிட்டார். ஆள் மாறி ஆள் அடிக்கினம். மாமாவின்ர கால் தானா அசையுது. 'இடப்பக்கம் போவான்' எண்டார், போனான். 'இவன் வலம்' எண்டார், அதுவும் சரி. எட்டுக்கு ஏழு எண்டு மொன்றியல் வெண்டபோது தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

அந்தத் துணிச்சலிலதான் இறுதியாட்டத்துக்கு வாங்கோ எண்டு கேட்டன். முப்பத்தொரு வருசம் இந்த நகரத்தில இருந்தவர், ஒருநாளும் மைதானத்துக்குப் போனதில்லை. 'உந்தக் காசுக்கு அரிசி மூட்டை வாங்கலாம்' எண்டார். அடுத்தநாள் குசினியில லீவு சொல்லிப்போட்டு வந்து நிண்டார்.

அதுக்குப் பிறகுதான் எனக்கு உறைச்சுது, கோப்பர்காரனும் அதே வாங்கிலதான் இருக்கப்போறான் எண்டு.

2021 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. மஞ்சள் பாதையில பெரி-யூகாம் போய், பச்சைப் பாதை மாறி வியோவில இறங்கி நடக்கிறது. தடுப்பூசிக் கடவையைக் காட்டி உள்ளுக்க போனம். சபுட்டோ மைதானம் ஒலிம்பிக் மைதானத்தின்ர காலடியில இருக்கு. மாமா இருக்கையைத் தேடாமல் நேர கோல்கம்பத்துப் பக்கம் நடந்து போய், வலையைப் பார்த்துக்கொண்டு நிண்டார்.

எதிராளி ரொறன்ரோ. இந்த ரெண்டு கழகத்துக்கும் உள்ள பகையைச் சொல்ல ஒரு பழைய கதை போதும். 2009 இல் மூண்டு கழகம்தான் போட்டியில. கடைசி ஆட்டத்தில ரொறன்ரோ நாலு கோல் வித்தியாசத்தில வெண்டால்தான் கோப்பை, இல்லாட்டி வன்கூவருக்கு. ஏற்கெனவே வாய்ப்பிழந்த மொன்றியல், மாற்று வீரர்கள் கனபேரை இறக்கிச்சு. இதே சபுட்டோவில ரொறன்ரோ ஆறுக்கு ஒண்டு எண்டு வெண்டது, டுவெயின் டி றொசாரியோ மட்டும் மூண்டு கோல். கோப்பையை வாங்க வந்திருந்த வன்கூவர்க்காரர் பார்த்துக்கொண்டு இருந்தவையாம்.

அந்தக் கோப்பையிலயே எனக்குப் பிடிச்ச விசயம் ஒண்டு இருக்கு. அதைச் செய்விச்சது சங்கமோ வியாபாரியோ இல்லை. வொயாஜர்ஸ் எண்ட ரசிகர் கூட்டம் தங்கட கைக்காசைச் சேர்த்துச் செய்து, 2002 இல் முதன்முதலாக் குடுத்தது. இப்பவும் அதுதான் கோப்பை. இதை மாமாவுக்குச் சொன்னபோது, 'அப்ப எங்கட மாதிரித்தான்' எண்டார். கழகத்தைப் பற்றி அவர் தானா வாய் திறந்தது அதுதான் முதல் தரம்.

இடைவேளையில கோப்பர்காரன் மாமாவுக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கிக்கொண்டு வந்தான். வந்தவன் மரியாதையாக் கேட்டான்: 'உங்கட உணவகம் எந்தப் பக்கம்?'

எனக்கு அந்தக் குளிரிலயும் வேர்த்தது. மாமா என்னை ஒருக்கால் பார்த்தார். பிறகு என்ர புத்தகப் பிரெஞ்சு கிட்டவும் நிக்கேலாத கியூபெக் பிரெஞ்சில சொன்னார், 'என்ர உணவகம் இல்லை தம்பி. நான் அங்க ப்ளோன்ஷேரா இருந்தவன், பதினொரு வருசம்.'

பிரெஞ்சு தெரியாத ஆக்களுக்கு: ப்ளோன்ஷேர் எண்டால் கோப்பை கழுவுறவர். நேரடி அர்த்தம் முக்குளிக்கிறவர், பாய்ஞ்சு விழுறவர். கோல் கீப்பர் பந்துக்குப் பாயிறதுக்கும் அதே வினைச்சொல்தான். மாமா சிரிச்சுக்கொண்டு தொடர்ந்தார், 'ஊரிலயும் பாய்ஞ்சனான். இங்கயும் அதே வேலைதான். ஊரில சம்பளம் இல்லை.'

அவன் ஒண்டும் கேக்கேல்லை, என்ர பக்கம் திரும்பவும் இல்லை. மாமாவுக்குப் பக்கத்தில போய் இருந்து, 'கோல் கீப்பரா? ஓப்ளாக் மாதிரியா?' எண்டு தொடங்கினவன், ரெண்டாம் பாதி முழுக்க ரெண்டு பேரும் ஒரே கதை. 72 ஆவது நிமிசத்தில ஹொண்டுராஸ்காரன் ரொமெல் குயோட்டோ கோல் போட்டான். ஒண்டுக்குப் பூச்சியம். அதோட முடிஞ்சுது. கோப்பையைத் தூக்கேக்குள்ள எல்லாரும் கத்துகினம். மாமா கத்தேல்லை. கையுறையைக் கழட்டிப்போட்டு வெறுங்கையாலயே தட்டிக்கொண்டிருந்தார். பதினொரு வருசச் சுடுதண்ணி பட்ட கை.

திரும்பி வரேக்குள்ள மஞ்சள் பாதையில எங்கட பெட்டியில ஆக்கள் குறைவு. ஆத்துக்கு அடியால போகேக்குள்ள மெல்லச் சொன்னன், 'மாமா, நான்தான் அவனுக்கு அப்பிடிச் சொன்னனான்.'

'தெரியும்.'

'மன்னிச்சுக்கொள்ளுங்கோ.'

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 'நானும் ஊருக்கு எழுதின கடிதத்தில ஹோட்டலில மனேச்சர் எண்டுதானடா எழுதினனான். உன்ர அம்மாவுக்கு உண்மை தெரிய ஆறு வருசம் எடுத்தது. பொய் சொல்லுற வயசு எல்லாருக்கும் வரும். அதிலயே நிண்டிடாத.'

லொங்குய்ய் நிலையம் வந்திட்டுது. இறங்கினம்.

அடுத்தநாள் வகுப்பில அவனிட்டயும் மன்னிப்புக் கேட்டன். தன்ர தகப்பன் துறைமுகத்தில மூட்டை இறக்கினதை 'கப்பல் துறையில வேலை' எண்டு தான் சொல்லித் திரிஞ்ச கதையைச் சொன்னான். 2022 மே மாதம் கோப்பர் இறுதியாட்டத்தில பிராவோவை வெண்டு மறுபடி கோப்பை எடுத்தபோது, முதல் தகவல் அனுப்பினது மாமாவுக்கு, எனக்கில்லை. அடிமட்டத்துக்குப் போய் அஞ்சே வருசத்தில. மொன்றியலும் 2021 கோப்பையால அடுத்த வருசம் கொன்ககாஃப் சம்பியன்ஸ் லீக்குக்குப் போய், மெக்சிக்கோவின் சந்தோஸ் லகூனாவை வெளியில அனுப்பிச்சு. அதுக்குப் பிறகு 2022 இலிருந்து 2025 வரை நாலு தரமும் கனடியக் கோப்பை வன்கூவருக்குத்தான். 2009 கணக்கை வட்டியோட தீர்த்திட்டாங்கள்.

எங்கட ஊர்க் காணியும் துண்டு துண்டா விடுபட்டது. அப்பா போய்ப் பார்த்தவர். கோப்பை வைச்சிருந்த வீட்டில சுவர் மட்டும்தான் மிச்சம். கோப்பையைத் தேடிப் பார்க்கட்டோ எண்டு தொலைபேசியில கேட்டார். மாமா சொன்னார், 'கோப்பையை விடுங்கோ அத்தான். மைதானத்தில பற்றையை வெட்டி ரெண்டு கம்பம் நட எவ்வளவு முடியும் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ.'

இப்ப அங்க பின்னேரத்தில பெடியள் பந்தடிக்கிறாங்கள். கம்பக் காசு எந்தக் கோப்பை கழுவி வந்தது எண்டு அவங்களுக்குத் தெரியாது. மாமா சொல்லவும் மாட்டார். அதுதான் நான் இங்க எழுதி வைக்கிறன்.

உங்கட ஊர்க் கழகத்தின்ர கோப்பை இப்ப எங்க இருக்கு? யார் வீட்டு அலுமாரியில, எந்தக் கிணத்துக்குள்ள? தெரிஞ்சால் பின்னூட்டத்தில எழுதுங்கோ. ஓப்ளாக் பெரிசோ மாமா பெரிசோ எண்டு மட்டும் கேக்காதேங்கோ. இந்த வீட்டில அதுக்கு ஒரு விடைதான் :-)