நான்கு நட்டுகளும் ஒரு கொம்பிரசரும்

பேனாவைத் தவிர வேறு கருவி எதையும் ஒழுங்காகப் பிடித்தறியாதவன் நான். அப்படிப்பட்டவன் ஓய்வுபெற்ற பின்னர் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறியிறங்கிக் காற்றுக் கொம்பிரசர் தேடிய கதை, என்னை அறிந்தவர்களுக்கு வேடிக்கையாகவே இருக்கும். ஆனால் அதற்குக் காரணமான சம்பவம் வேடிக்கையானதன்று.

சென்ற ஆண்டு ஆவணியில் யாழ்ப்பாணத்தில் என் அக்கா காலமானார். செய்தி கிடைத்த இரவே, 1994ஆம் ஆண்டுத் தயாரிப்பான எனது கொரோலா காரில் கொழும்பிலிருந்து புறப்பட்டோம். (2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய கார்களின் விலையே எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2025 பெப்ரவரியில் தடை நீங்கிய பின்னரும் புதியது வாங்க என்னைப் போன்ற ஓய்வூதியக்காரனால் இயலவில்லை.) மாங்குளம் தாண்டி, முறிகண்டிக்கு முன்பாகப் பின் ரயர் ஒன்று காற்றிழந்தது. மாற்றுச் சில்லு இருந்தது, ஜாக்கும் இருந்தது. நான்கு நட்டுகளில் இரண்டு மட்டும் அசைய மறுத்தன. ஸ்பனரின்மேல் ஏறி நின்றும் பார்த்தேன். சில நாட்களுக்கு முன்னர் ரயர் மாற்றிய கராஜில் ஒரு பையன் எயார் கன்னால் அவற்றை இறுக்கியது நினைவுக்கு வந்தது. நீண்ட இரும்புக் குழாயுடன் ஒரு லொறிச் சாரதி வந்து இறங்கும்வரை மூன்று மணித்தியாலங்கள் வீதியோரத்தில் நின்றோம். நாங்கள் வீட்டை அடைந்தபோது பிரேதத்தை எடுத்துவிட்டார்கள். சுடலைக்கு ஓடினேன். தீ மூட்டியாயிற்று.

இனி என் காரின் சில்லில் வேறு எவரும் கைவைக்கக்கூடாது என்று மனதுக்குள் ஒரு வைராக்கியம் பிறந்தது. கொம்பிரசரும் எயார் கன்னும் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்வதென முடிவுசெய்தேன்.

துணைக்கு ஒரு மெக்கானிக் தம்பியை அழைத்துச் சென்றேன். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் கார் ஓடச் செய்தவர்களில் அவரும் ஒருவர். இல்லாமையில் தொழில் பழகியவர்களின் கண் எளிதில் ஏமாறாது.

முதற் கடையில் "ஐந்து குதிரைவலு சேர், வீட்டுப் பிளக்கிலேயே ஓடும்" என்றார் கடைக்காரர். தம்பி சிரித்தார். "கணக்குப் போட்டுப் பாருங்கோ ஐயா" என்றார். 13 அம்பியர் பிளக்கில், 230 வோல்ற்றில், கிடைக்கக்கூடியது 2,990 வாற்று. ஐந்து குதிரைவலுவுக்கு 3,700 வாற்றுக்கு மேல் வேண்டும். பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்கும் உண்மைக்கும் உள்ள தூரத்தைப் பத்திரிகைக்காரனான நான் அல்லவா முதலில் கண்டிருக்க வேண்டும்!

தாங்கியின் கொள்ளளவைப் பார்த்தும் மயங்கக்கூடாது என்றார். தாங்கி ஒரு சேமிப்புப் பானைதான். பார்க்கவேண்டியது, 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை அது உண்மையில் வெளியே தருகிறது என்பது. பெட்டியில் பெரும்பாலும் பம்ப் உள்ளிழுக்கும் காற்றின் அளவையே பெரிதாகப் போடுவார்கள். வெளியே வருவது அதைவிடக் குறைவு. அரை அங்குல எயார் கன் விட்டுவிட்டு இயங்குவது, ஆகவே நிமிடத்துக்கு ஐந்து கன அடியும் ஐம்பது லீற்றர் தாங்கியும் அதற்குப் போதும். தேய்க்கும் கருவியோ ஓயாமல் காற்றைக் குடிப்பது. எட்டு, பத்துக் கன அடி கேட்கும். "பெயின்ற் வேலை செய்யப் போறீங்களோ?" என்றார். இல்லையென்றேன். "அப்ப இரண்டு குதிரைவலுவே காணும்."

பாதி விலையில் மறுசீரமைத்த ஒன்றையும் காட்டினார்கள். நீல வர்ணம் புதிதாய் மினுங்கியது. தம்பி குனிந்து, அடியிலுள்ள திருகைத் திறந்தார். செந்நிறத் துருநீர் வழிந்தது. பக்கத்தில் ஓர் ஒட்டு வெல்டிங்கும் இருந்தது. காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் நீராகி அடியில் தங்கும். நாள்தோறும் வடிக்காவிட்டால் தாங்கியை உள்ளிருந்தே அரிக்கும். அரித்த தாங்கி ஒருநாள் வெடிக்கும். "இது வேண்டாம் ஐயா, பேரப்பிள்ளைகள் ஓடித்திரியிற வீடு" என்றார். அந்தக் கடையைவிட்டு உடனே வெளியேறினோம்.

ஈற்றில் புதியதொன்றை வாங்கினோம். கூடவே எயார் கன், அதற்கென்றே செய்த கறுப்புச் சொக்கற்றுகள் (பளபளக்கும் சாதாரண சொக்கற் அடியில் பிளந்து கண்ணைக் கெடுக்கும்), எட்டில் மூன்று அங்குல உள்விட்டமுள்ள குழாய், எயார் கன்னுக்குள் தினமும் இரண்டு துளி விட ஒரு சிறு எண்ணெய்ப் புட்டி. பிரேக்கின் தூசியை மட்டும் காற்றடித்து ஊதக்கூடாதாம். பழைய பிரேக்குகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம்.

பணம் கொடுக்கும் வேளையில்தான் அவர் என் ஆசையை உடைத்தார். "இந்தக் கன் கழற்றுறதுக்கு மட்டும்தான் ஐயா. இதால இறுக்கினா நீங்களும் அந்தப் பெடியன் செய்ததைத்தான் செய்வீங்கள்."

என் காரின் சில்லு நட்டுக்கு வேண்டியது 103 நியூட்டன் மீற்றர் மாத்திரமே. எயார் கன் கணப்பொழுதில் முந்நூறையும் தாண்டும். கையில் பிடித்திருப்பவனுக்கு அது தெரியாது. அந்தப் பையனுக்கும் தெரிந்திருக்காது. ஓராண்டாக அவன்மீது நான் வளர்த்த கோபம், அந்தக் கடை வாசலில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. டோர்க் ரெஞ்ச் ஒன்றும் வாங்கினேன். உண்மையைச் சொன்னால், அதுவும் ஒரு நீண்ட இரும்புக் குழாயும் அன்றிரவு காரில் இருந்திருந்தால் கொம்பிரசரே தேவைப்பட்டிருக்காது. ஆயினும் வாங்கியதற்கு வருந்தவில்லை. அயலிலுள்ள பிள்ளைகளின் சைக்கிள்களுக்கெல்லாம் இப்போது என் வீட்டில்தான் காற்று.

ஆட்டைத் திவசத்துக்குப் புறப்படுமுன், நான்கு சில்லுகளையும் கழற்றிப் பதினாறு நட்டுகளையும் கையால் பூட்டி, டோர்க் ரெஞ்ச் 'கிளிக்' என்னும்வரை ஒவ்வொன்றாக இறுக்கினேன். மனைவி வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.