திருமலைத் துறைமுகத்தருகே ஒரு பழைய லொறி

திருகோணமலைக்குச் செல்வோர் கோணேசர் கோயிலையும், கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களையும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் கண்டு திரும்புவர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த துறைமுகத்தை, 1957இல் பிரித்தானியர் இலங்கையிடம் ஒப்படைத்த கடற்படைத் தளத்தைக் கண்குளிரப் பார்ப்பாரும் உளர். அதனை அடுத்த தெருக்களிலுள்ள கராச்சுகளை யார் பார்க்கின்றார்கள்? மாணவர் சிலருடன் சென்ற நாம் அங்கேயே ஒரு பகற்பொழுதைக் கழித்தோம்.

அங்கு நின்றது பெற்றோலில் ஓடும் பழைய பெட்போர்ட் லொறி. மீனும் ஐஸ்கட்டியும் ஏற்றிக் கந்தளாய்க்குச் செல்வது அதன் தொழில்; ஒரு குடும்பத்தின் சோறும் அதுவே. நின்ற நிலையில் யந்திரம் குலுங்கியது. ஏற்றத்தில் இழுக்க மறுத்தது. பழைய இரும்பு வாங்குபவர் விலையும் பேசிவிட்டுப் போயிருந்தார்.

“தைமிங் பிழையெண்டு மூண்டு பேர் திருப்பிப் பாத்திட்டினம், பாஸ்” என்றார் உரிமையாளர்.

“அதைக் கடைசியாப் பாப்பம், அண்ணை” என்றார் மெக்கானிக்.

காபுரேட்டரின் கீழுள்ள இணைப்புகளில் முதலில் எண்ணெய்த் துளிகளை விட்டார். ஓசை மாறினால் அங்கே காற்றுக் கசிவு உண்டு. மாறவில்லை. பின்னர் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வேலை செய்யாத சிலிண்டரின் வயரைக் கழற்றினால் வேறுபாடு தோன்றாதாம். ஆறும் உயிரோடிருந்தன. உப்புக் காற்றடிக்கும் ஊரல்லவா? பச்சை பூத்திருந்த வயர் முனைகளைச் சுரண்டித் துடைத்தார். குலுக்கம் சற்றே தணிந்தது, தீரவில்லை.

அதன் பின்னரே டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். உள்ளே பொயின்ற் எனப்படும் இரு சிறு முனைகள் உள. அவை பிரியும் கணத்திலேதான் தீப்பொறி பிறக்கிறது. இடைவெளி குறுகினால் அவை பிந்திப் பிரியும், பொறியும் பிந்தும், லொறி இழுவை இழக்கும். ஆதலால் இடைவெளியைச் சீராக்காமல் தைமிங்கைத் திருப்புவது வீண் வேலை. அளவுத் தகட்டை இட்டுப் பார்த்தார். ஒரு முறை சரி, மறுமுறை தவறு! நடுத்தண்டை விரலாற் பற்றி அசைத்தார். அது பக்கவாட்டில் ஆடியது. தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துபோயிருந்தது. தண்டு ஆட இடைவெளியும் ஆடும். சிலிண்டருக்குச் சிலிண்டர் பொறியின் நேரம் மாறும். மூவர் திருப்பியும் நில்லாத தைமிங்கின் மர்மம் இதுவே! எம் பௌதிகவியல் மாணவன் ஒருவனின் முகத்தில், வகுப்பறையில் நாம் காணாத ஒளியைக் கண்டோம்.

கடைசற் பட்டறையிலிருந்து வெண்கலப் புஷ் வந்து சேரப் பிற்பகலாயிற்று. பொயின்றைச் சீராக்கி, அதனோடு சிறு மின்விளக்கொன்றை இணைத்து, யந்திரத்தைக் கையாற் சுழற்றினார். முனைகள் பிரிந்ததும் விளக்கு எரிந்தது. அந்தக் கணமும் யந்திரத்திலுள்ள குறியும் ஒன்றாகும்படி டிஸ்ரிபியூட்டரைத் திருகி இறுக்கினார். கால் அங்குலம் திருகியிருப்பாரா? அதுகூட இல்லை.

யந்திரம் சீராக முழங்கியது. கூலியைக் கொடுத்த உரிமையாளர், எம்மோடு பேச நிற்கவில்லை. “ஐஸ் கரையுது, மாஸ்டர்” என்று கூறிக் கண்டி வீதியில் லொறியைச் செலுத்தினார்.