தங்க அட்டையும் முத்துப்பாரும்

கடலை முகமாகக் கொண்ட ஊரிலே பிறந்து வளர்ந்தவனுக்குப் பிரயாணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மனம் கிழக்கே திரும்புவது இயல்பு. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணியேறிப் போய் வந்தவர்களின் கதைகளைக் கேட்டே எங்கள் தலைமுறை வளர்ந்தது. ஆயினும் இந்நாளில் தூத்துக்குடியிலிருந்து தூரதேசம் போக எண்ணுகிறவன், அந்தக் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு, திருநெல்வேலிச் சாலையில் உடைமரக் காடுகளினூடே வாகைக்குளம் என்னும் சிற்றூரை நோக்கிப் போகவேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் மகளைக் காணும் பொருட்டு நானும் அவ்வழியே புறப்பட்டேன்.

வாகைக்குளத்தில் விமானப் போக்குவரத்து 1992-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. நெடுங்காலம் 1,350 மீட்டர் அளவிலேயே நின்றிருந்த ஓடுபாதை இப்போது 3,115 மீட்டராக நீண்டு, புதிய முனையக் கட்டிடமும் 2025-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் திறப்பு விழாக் கண்டிருக்கிறது. பெரிய ஜெட் விமானங்களுக்கு இடமுண்டாயினும் நான் ஏறியது, இறக்கைக்கு ஒன்றாக விசிறி சுழலும் ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானமே. நடுவே ஒரு நடைவழி; இருமருங்கும் இரண்டிரண்டாக மொத்தம் 78 ஆசனங்கள்; திரையிட்டு மறைத்த உயர்வகுப்பு என்று ஒன்று கிடையாது. முன்வரிசையில் அமரக் கூடுதல் பணம் வாங்குகிறார்கள்; ஆனால் அவ்விமானத்தில் பிரயாணிகளுக்குரிய வாசல் வாலின் பக்கத்தில் இருப்பதால், அதிகம் கொடுத்து முன்னே உட்கார்ந்தவர் கடைசியாக இறங்குவதும், கொடுத்ததைக் கொடுத்துப் பின்னே உட்கார்ந்தவர் முதலில் படியிறங்கிப் போவதும் அங்கே நித்திய வழக்கம். அந்தஸ்து என்பதைப் பற்றி ஆற அமர யோசிப்பதற்கு அதைவிடத் தகுந்த வாகனம் வேறு இருக்க முடியாது.

என் பக்கத்து ஆசனத்தில் இருந்தவர் சரக்குக் கப்பலொன்றில் செகண்ட் இன்ஜினியர். எங்கள் ஊர்க் கடற்கரைத் தெருவைச் சேர்ந்தவர். ஐரோப்பியத் துறைமுகமொன்றில் கப்பலேறப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய கைப்பையில், ஒரு வெளிநாட்டு விமான நிறுவனம் தன்னில் அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் தங்க நிற அட்டை தொங்குவதைக் கண்டு, சென்னையிலிருந்து மேலே போகும்போது முன்பகுதியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாமே என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி. கார்டு நம்ம பேருல இருக்கு; டிக்கெட்டு கம்பெனி எடுத்தது. டிக்கெட்டுல என்ன எழுத்துன்னுதான் அவுக மொதல்ல பாப்பாக. கார்டெல்லாம் அதுக்கு அப்புறந்தான்.”

அவர் சொன்ன எழுத்து என்பது, ஒரே வகுப்புக்குள்ளும் விமான நிறுவனங்கள் தமது ஆசனங்களைப் பல கட்டணப் படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் இட்டிருக்கும் ஆங்கில எழுத்தைக் குறிப்பது. நிறுவனத்துக்கு நிறுவனம் எழுத்துகள் மாறினும், சாதாரண வகுப்பின் முழுக் கட்டணத்துக்கு ‘ஒய்’ என்பது பெருவழக்கு. அதனின்று கீழே இறங்க இறங்க விலை குறையும். விலை குறையக் குறைய நிபந்தனை பெருகும்: தேதியை மாற்றக் கட்டணம், ரத்துச் செய்தால் பெரும்பகுதி நஷ்டம், ஆசனத்தைத் தேர்ந்துகொள்ளத் தனிப் பணம், உயர்வகுப்புக்கு மாற இடமேயில்லை என்பன அவற்றுட் சில. கப்பல்காரர்களுக்கென்று ‘மரைன் ஃபேர்’ என ஒரு தனிக் கட்டணம் உண்டு. கப்பல் துறைமுகம் சேரும் நாள் காற்றையும் சரக்கையும் பொறுத்து மாறிக்கொண்டே இருப்பதால், அந்தச் சீட்டில் தேதி மாற்றுவதும் ரத்துச் செய்வதும் எளிது. சுமையும் அதிகம் அனுமதிப்பர். இவ்விதம், தங்க அட்டைக்காரராகிய அவருக்கு உண்மையில் உதவி செய்துவந்தது அட்டையைக் காட்டிலும் அவருடைய கப்பல் கம்பெனி வாங்கிக் கொடுத்த சீட்டே என்பதை, சென்னை வந்து இறங்குவதற்குள் அவர் எனக்கு விளக்கிவிட்டார்.

சென்னையில் என் முறை வந்தது. என்னிடமிருந்தது வெள்ளி அட்டை. சீட்டோ இருப்பதிலேயே மலிவானது. சேர்த்து வைத்திருந்த புள்ளிகளைக் கொடுத்து உயர்வகுப்புக்கு மாறலாமா என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் வினவினேன். அவள் கணினியைப் பார்த்துவிட்டு மிகுந்த மரியாதையுடன், “பாயிண்ட்ஸ் போதும் சார், பிசினஸ்ல இடமும் இருக்கு. ஆனா இந்த டிக்கெட்டுக்கு அப்கிரேட் அலவ்ட் இல்ல, சிஸ்டம் எடுத்துக்காது” என்றாள். எனினும் அட்டை முற்றிலும் வியர்த்தமாகவில்லை. நீண்ட வரிசையை விட்டுக் குறுகிய வரிசையில் நின்றேன். மகளுக்காகக் கட்டியிருந்த மக்ரூன் டப்பாக்களும் உடன்குடிக் கருப்பட்டியும் அதிகப்படிச் சுமைக்கான பணமின்றிப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தன.

அட்டையோடு சீட்டையும் நிறுத்துப் பார்க்கும் இந்த வழக்கம் எந்த ஒரு நிறுவனத்துக்கும் பிரத்தியேகமானதல்ல. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் வெள்ளிப் படிக்கு 25,000, தங்கப் படிக்கு 50,000 என மைல் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆயினும் ‘எகானமி லைட்’ என்னும் கடைசிப் படிச் சீட்டை மைல்களைக் கொடுத்து உயர்த்திக்கொள்ள அங்கே வழியில்லை. அமெரிக்க நிறுவனங்களில் உள்நாட்டுப் பிரயாணத்துக்கு, முன்பகுதியில் ஆசனங்கள் மீந்தால் அட்டைக்காரர்களை வரிசைப்படுத்தி இலவசமாகவே அமர்த்தும் முறை உண்டு. அங்கும் முதலில் அட்டையின் படி, ஒரே படியில் பலர் இருந்தால் சீட்டின் எழுத்து முதலானவை என்று தராசு வைத்தே நிறுக்கிறார்கள். நம் பக்கத்தில் இலவச உயர்வு பெரும்பாலும் ஒரே சந்தர்ப்பத்தில்தான் வாய்க்கும்: சாதாரண வகுப்பில் இருக்கும் இடத்துக்கு மேல் சீட்டு விற்றுவிட்டு, யாரையேனும் மேலே தள்ளியாகவேண்டிய நிர்ப்பந்தம் நேரும்போது, முதற்கண் அட்டைக்காரர் பக்கம் பார்ப்பார்கள்.

இத்தனை படிகளும் எதற்காக ஏற்பட்டன? 1978-இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்களின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்க, போட்டி மூண்டது, வந்த பிரயாணியை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள வழி தேடிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல் மைல் கணக்குத் திட்டத்தைத் தொடங்கிற்று, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். ஆனால் இந்தத் தந்திரம் வானத்தில் பிறந்ததன்று. கடலிலே, அதிலும் இந்திய வர்த்தகத்தை முன்னிட்டுப் பிறந்தது. 1875-இல் பிரிட்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே கப்பல் விட்ட கம்பெனிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரே கட்டணம் விதித்தன. இரண்டொரு ஆண்டுகளுக்குள், தங்கள் கப்பல்களிலேயே சரக்கனுப்பும் வியாபாரிக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பின்னொரு காலத்தில் திருப்பித் தருவது என்னும் ஏற்பாட்டைச் செய்தன. இடையே ஒரே ஒரு பொதியை வேறு கப்பலில் ஏற்றினாலும் சேர்ந்திருந்த தொகை முழுவதும் போய்விடும். கையில் கொடுத்த சலுகையைக் காட்டிலும், கொடுப்பதாகச் சொல்லி நிறுத்தி வைத்த சலுகையே வாடிக்கைக்காரனை இறுகக் கட்டும் என்ற மனோதர்மத்தை அக்கம்பெனிகள் அன்றே அறிந்திருந்தன.

தூத்துக்குடிக்காரன் இதைப் படிக்கும்போது வ.உ.சிதம்பரம் பிள்ளையை நினையாதிருக்க முடியாது. 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் முயற்சியால் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்து கொழும்புக்கு ஓடத் தொடங்கியதும், அதுகாறும் ஏகபோகமாயிருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. முடிவில் அந்த வெள்ளைக்காரக் கம்பெனி, இலவசமாகவே ஏற்றிச் சென்று கையில் ஒரு குடையும் தருவதாகச் சொல்லிற்று என்பது எங்கள் ஊரில் சிறு பிள்ளைகளும் அறிந்த சரித்திரம். 1908-இல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. போட்டி ஒழிந்தபின் அந்தக் குடையைக் கொடுக்கவேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. சலுகையின் ஆயுள் போட்டியின் ஆயுள் அளவே என்பதை இதனினும் தெளிவாக எந்த வர்த்தக சாஸ்திரமும் போதிக்காது.

அந்தஸ்தின் மற்றொரு குணத்தை, கடலடியில் முத்துச் சிப்பி விளையும் திட்டுகளாகிய எங்கள் முத்துப்பார்களிலிருந்து கற்கலாம். முத்துக்குளிப்பில் உரிமையைக் ‘கல்’ கணக்கில் அளந்தார்கள்; கடலுள் இறங்கக் குளிகாரர் காலிற் பற்றிச் செல்லும் கல்லே அது. அரசர்களுக்கும் கோயில்களுக்கும், பரதவர் சமூகத்தின் சாதித் தலைவருக்கும், இத்தனை கல் வரியின்றி இறக்கலாம் என்று விசேஷ உரிமைகள் இருந்தன. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறியபோதெல்லாம் அவ்வுரிமைகளைப் பற்றிய வழக்குகளும் விண்ணப்பங்களும் எழுந்தன. ஆனால் எவ்வளவு பெரிய உரிமையாயினும் பாரில் சிப்பி விளைந்திருந்தாலொழிய அதற்குப் பயனில்லை. பாரைச் சோதித்துப் பார்த்து, சிப்பி முதிரவில்லை என்றால் அவ்வாண்டு குளிப்பே கிடையாது. அவ்வாறு ஆண்டுக்கணக்கில் வெறும்பாராய்க் கிடந்த காலங்கள் பல. 1961-க்குப் பின் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. முன்பகுதியில் காலி ஆசனம் இல்லாத விமானத்தில் தங்க அட்டைக்காரரின் நிலையும் வெறும்பாரில் கல் வைத்திருந்தவரின் நிலையும் ஒன்றே. விமான நிறுவனமே மறைந்துவிட்டாலோ கேட்கவேண்டியதில்லை: 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது, அதன் உயர்படி அட்டைகளை வருஷக்கணக்கில் பேணிவந்தவர்களுக்கு அமர ஓர் ஆசனமும் எஞ்சவில்லை.

ஆகவே பிரயாணிக்கு நான் சொல்லத்தக்கது இதுதான். அடிக்கடி ஒரே மார்க்கத்தில், பிறர் செலவில் பறக்கிறவர் அட்டையை வளர்க்கட்டும். அவருக்கு அது வரிசையைக் குறைக்கும், சுமையைக் கூட்டும், நெருக்கடியில் பெயரை முன்னே நிறுத்தும். எப்போதோ ஒருமுறை சொந்தப் பணத்தில் போகிறவர், படியைக் காப்பாற்றுவதற்கென்று விலை மிகுந்த சீட்டையோ சுற்றுவழியையோ வாங்குதல் விவேகமாகாது. அவர் படிக்கவேண்டியது அட்டையின் பெருமையைக் கூறும் பத்திரிகையை விடச் சீட்டின் நிபந்தனைகளையே. திருப்பித் தரப்படாத சீட்டானாலும், போகாத பிரயாணத்துக்கு வாங்கிய வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தரவேண்டும் என்பது நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அதைக் கேட்டு வாங்க எந்த அட்டையும் வேண்டியதில்லை.

திரும்பி வரும் நாள் மகளுடைய விடுமுறையைப் பொறுத்து மாறக்கூடும் என்று தோன்றியதால், அதற்கென வேறொரு நிறுவனத்தில், தேதியை மாற்றிக்கொள்ள இடங்கொடுக்கும் சீட்டைச் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்கினேன். அவ்விதம் செய்ததால் என் வெள்ளி அட்டைக்குச் சேரவேண்டிய மைல்கள் சேராமற் போயின. வருகிற ஆண்டு அது சாதாரண அட்டையாகிவிடும். மகள் என்னை மேலும் ஒரு வாரம் இருக்கச் சொன்னபோது நான் தயங்காமல் சம்மதித்ததற்கு அந்தச் சீட்டே காரணம்.