உறுதியில் இல்லாத விரிசல்

பசறையிலிருந்து நமுனுகுல போகும் பாதையோரம், தேயிலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய வீடு அது. குவைத்தில் வீட்டுவேலை செய்து சேர்த்த பணத்தில் என் கட்சிக்காரி வாங்கியிருந்தார். முதல் மாரியிலேயே பின்சுவர் பிளந்தது. உறுதியை என் மேசையில் வைத்து, "சேர், உறுதி எல்லாம் சரியாத்தான் இருக்கு. வீடுதான் நிக்க மாட்டேங்குது" என்றார்.

உறுதியில் குறை இல்லைதான். நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தேடியிருந்தார், ஈடு எதுவுமில்லை, நில அளவைப் படமும் ஒத்துப்போனது. காணி விற்பனையை நொத்தாரிசு முன்தான் எழுத வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுச் சட்டம். விற்கிறவருக்கு உரிமை உண்டா என்பதைப் பதிவேடு சொல்லும். சரிவு நகர்கிறதா என்று சொல்லாது.

அவர் வீடு பார்த்தது ஆகஸ்டில். ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கிற வறட்காற்று வீசும் காலம். மண்ணும் சுவரும் காய்ந்து கிடக்கும். எங்கள் பக்கம் வீடு பார்க்க அதைவிட ஏமாற்றுகிற மாதம் இல்லை. பதுளை மலைகளின் குணம் தெரிவது ஒக்டோபருக்குப் பிறகுதான். இதே மாவட்டத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்ததும் ஒரு ஒக்டோபர் 29இல், 2014இல். அங்கே ஆபத்து இருப்பதாக 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள்.

விற்றவர் தரப்பின் வாதம் எளிது: வந்து பார்த்துத்தான் வாங்கினார், 'உள்ளபடியே' வாங்குவதாகக் கையொப்பமும் வைத்திருக்கிறார். நம் நாட்டில் காணி விற்பனைக்குப் பொருந்துவது ரோமன் டச்சுச் சட்டம். கண்ணுக்குத் தெரிகிற குறைக்கு விற்றவர் பொறுப்பல்ல. மறைந்திருந்த குறைக்குப் பொறுப்பு உண்டு. 'உள்ளபடியே' என்று எழுதிவிட்டால் அதுவும் போய்விடும். குறையை அறிந்தே மறைத்தார் என்று காட்டினால்தான் அந்த வாசகம் அவரைக் காப்பாற்றாது.

அதைக் காட்ட ஒரு பட்டயப் பொறியியலாளரை அழைத்துப் போனேன். புதுப் பூச்சைத் தட்டிப் பெயர்த்தார். உள்ளே பழைய வெடிப்பு, அதில் சீமெந்து அடைத்த தடம், அந்தச் சீமெந்தின் மேலேயே மறுபடி வெடிப்பு. கதவு இழுபடாமலிருக்க அடிப்பக்கத்தைச் சீவியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கசிந்த ஊற்றை மண் போட்டு மூடியிருந்தார்கள். தண்ணீர் போக வழியில்லாமல் அத்திவாரத்துக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவையும் ஒரு காலைப் பொழுதில் கண்டுபிடித்தார். முற்பணம் கொடுக்கும் முன் அந்தக் காலைப் பொழுது கிடைத்திருந்தால் வழக்கே இல்லை.

பூச்சுப் போட்ட மேசன்பாஸ் பதுளை மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்து, விற்பதற்கு முன் வெடிப்பை அடைக்கச் சொன்னார்கள் என்று சாட்சி சொன்னார். அதே ஊரில் கூலிக்குப் போகிற மனிதர். அவருடைய துணிவை நான் மறக்கவில்லை. அதன்பின் எதிர்த்தரப்பு சமரசத்துக்கு இறங்கியது. விலைப்பணம் தவணையாகத் திரும்பி வந்தது. வட்டியும், வழக்கு நடந்த காலத்து வாடகையும் வரவில்லை.

இப்போது காணி வாங்க வருகிறவர்களிடம் முற்பண ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை எழுதச் சொல்கிறேன்: பொறியியலாளர் பார்த்துக் குறை சொன்னால் முற்பணம் திரும்ப வேண்டும். சரிவு நிலமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் மண்சரிவு அறிக்கையும் வேண்டும். விற்கிறவர் இதற்கு மறுத்தால், அந்த வீட்டுக்கு நான் உறுதி எழுதுவதில்லை.