சிற்றிலும் கணிதமும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றிலுக்கென ஒரு பருவமே வகுத்தனர். சிறுமியர் மணலிலே வீடு கட்டுவர்; பாட்டுடைத் தலைவனை நோக்கி அதனைச் சிதையாதே என வேண்டுவர். அச்சிற்றிலினுள்ளே கணிதமும் குடியிருப்பதை நாம் வலப்பனைத் தோட்டப் புறங்களிலே கண்டோம்.

இராகலைப் பக்கத்து லயமொன்றின் வாசலில், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் விறகுத் துண்டுகளால் வீடு கட்டிக்கொண்டிருந்தான். கூரையாக வைத்த தகரம் ஒருபுறம் சரிந்தது. தாழ்ந்த சுவரின்மேல் மெல்லிய துண்டொன்று வைத்தான், போதவில்லை. இரண்டு, பின்னர் மூன்று. தகரம் சமமாகப் படிந்தது. "மூணு சின்னது ஒரு பெரிசுக்குச் சரி" என்று தம்பிக்கு அறிவித்தான். பின்னமும் சமன்பாடும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிட்டன! அதற்குள், "வெளையாண்டது போதும், கொப்பிய எடுத்து நூறு வரைக்கும் எழுது" என்று அப்பாயி அழைத்துவிட்டார்.

அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கொழுந்து நிறுக்கும் தராசின் முன்னே, எழுதப்படும் கிலோக் கணக்கைப் படிக்க இயலாது நின்ற தலைமுறை அவருடையது. பேரனாவது எண்ணறிந்தவனாகட்டும் என்பதே அவர் கவலை. ஆயினும், நூறு வரை எழுதும் குழந்தை எண்ணின் அளவை உணர்ந்துவிட்டது என்று கொள்ளுதல் கூடாது.

ஜேர்மனியரான பிரெட்ரிக் புரோபெல் 1837ஆம் ஆண்டிலே சிறுவர் பள்ளியொன்றைத் தொடங்கினார். அவர் குழந்தைகளுக்கு அளித்த விளையாட்டுப் பொருள்களுள் ஒன்று, எட்டுச் சிறு கனக்கட்டைகளாகப் பிரியும் ஒரு மரக்கட்டை. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றிய மரியா மொண்டிசோரி அம்மையார், ஒரு சென்ரிமீற்றர் முதல் பத்துச் சென்ரிமீற்றர் வரை பக்கமுடைய பத்துக் கட்டைகளால் கோபுரம் கட்டச் செய்தார். பெரியதன் பக்கம் சிறியதைப்போல் 10 மடங்கு. கனவளவோ 1000 மடங்கு. அவ்வேறுபாட்டைக் கண்ணுக்கு முன்னே கை அறிந்துவிடுகிறது.

பக்கங்கள் யாவும் இரட்டித்தால் கனவளவு எத்தனை மடங்காகும் என்று நாம் வகுப்பிலே வினவினால், பதினைந்து வயது மாணவர் பலர் தயங்காது "இரண்டு மடங்கு" என்பர். சூத்திரம் அவர்களுக்கு மனப்பாடம். கட்டிப் பார்த்த கைதான் இல்லை.

இதற்குப் பணம் வேண்டியதில்லை. வெறுந் தீப்பெட்டிகள் எட்டைச் சேர்த்துக் கொடுத்து, இதைப்போலவே ஒரு பெரிய பெட்டி கட்டு என்று பிள்ளையிடம் கூறிப் பாருங்கள். சரிந்தால் தாங்கள் நிமிர்த்த வேண்டா. ஏன் சரிந்தது என்று மட்டும் கேளுங்கள். தீக்குச்சிகளை மாத்திரம் முன்னரே அகற்றிவிடுதல் நன்று.